நான்காவது பிஸ்கட்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதிலும் ஏதாவது தவறாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறை ஜன்னல் கொக்கியை மாற்றியாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. மருந்தை நேரத்துக்குக் கொடுக்கிறேன், நேரத்துக்குத் திட்டு வாங்குகிறேன்.

நேற்று, விடுமுறைக்கு வழக்கமாகப் போடும் பிஸ்கட்டைப் போட்டோம். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. என் மருந்துக்கடைத் தராசில் வெண்ணெயை நிறுத்துக்கொண்டிருந்தேன். “இது பிஸ்கட்டு, மருந்து இல்ல. ரெண்டு கிராம் கூடினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது” என்றாள் அம்மா. அந்த வசவைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஏழு வயதில் நீ ஒரு விதி வகுத்தாய். வீட்டில் எத்தனை பேரோ பிஸ்கட் மாவில் அத்தனை மனித உருவங்கள். யாரும் தன்னுடையதைத் தானே அலங்கரிக்கக் கூடாது. என் உருவம் எப்போதும் உன் கையில்தான். சட்டைப்பையில் இரண்டு பேனா, கவலைப்பட்ட புருவம். ஒரு வருடம் என் வழுக்கைத் தலையில் மட்டும் சர்க்கரைப் பூச்சே வைக்காமல் விட்டுவிட்டு, “அப்பா, உங்களால எனக்குச் சர்க்கரை மிச்சம்” என்றாய். அம்மா சிரித்த சிரிப்பில், அவள் கையிலிருந்த, பூச்சுப் பிழியும் காகிதக் கூம்பிலிருந்து வெள்ளைப் பூச்சு மேசையெல்லாம் பீச்சியடித்தது. அந்தப் பிஸ்கட்டைத் தின்ன மனமில்லாமல் டப்பாவில் வைத்திருந்தேன். எறும்புகளுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

மூன்று ஆண்டுக்கு முன் நீ நான்காவதாக ஒன்றை வெட்டினாய். யாருக்கென்று அம்மா கேட்டாள், நீ விரும்பியவரின் பெயரைச் சொன்னாய். அவள் அந்த மாவு உருவத்தை எடுத்துப் பிசைந்து உருட்டி, “இந்த வீட்டுல மூணு பேர்தான்” என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் ஓவன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். உள்ளே தட்டுகூட வைக்கவில்லை. அந்தக் காலி ஓவனை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, திரும்பியபோது உன் சமையல் ஏப்ரன் நாற்காலியில் கிடந்தது. நீ இல்லை.

பிறகு கல்யாணப் புகைப்படம் அனுப்பினாய். உறையைப் பிரிக்கக் கூடாது என்றாள் அம்மா. அவள் கடைக்குப் போயிருந்தபோது பிரித்துப் பார்த்துவிட்டு, பசை தடவி மூடி வைத்தேன். உனக்கு ஒரு வரி எழுதத் துணிவு வரவில்லை.

நேற்று அவள் நான்கு உருவம் வெட்டினாள். எண்ணிப் பார்த்தேன். பிஸ்கட் ஆறிய பின் கூம்பைப் பிடித்தபடி, தலை நிமிராமல், “அந்தப் பையனுக்கு மீசை உண்டா?” என்றாள்.

 தெரியாது என்ற சொல் நாக்குவரை வந்தது. கடைசியில், “மீசை இல்ல. கண்ணாடி உண்டு. சிரிச்சா கன்னத்துல குழி விழும்” என்றேன்.

அவள் கூம்பின் நுனியைத் துடைத்தாள். பிறகு, “நீங்க பசை தடவின லட்சணத்துக்கு உறை தானாத் திறந்துக்கிச்சு. நானும் பார்த்தேன். குழியை மட்டும் கவனிக்கல” என்றாள். கூம்பைக் கீழே வைத்துவிட்டு, “நான் போட மாட்டேன். அன்னைக்கு அதைப் பிசைஞ்ச கை இது. அவளே வந்து போடட்டும். அவளைக் கூப்பிடுறதாவது நீங்க செய்வீங்களா, இல்ல அதுக்கும் நான்தானா?” என்றாள்.

நான்தான் என்றேன்.

அன்று உன் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். இரண்டு பேரும் வாருங்கள். டப்பாவில் பத்து நாள் மொறுமொறுப்பு நிற்கும். அதற்குள் முடியாவிட்டால் என்ன, புதிதாக மாவு பிசைந்துகொள்ளலாம். எந்த ரயில் என்று மட்டும் எழுது.

அம்மா இதைப் படித்துவிட்டு, “அந்தப் பையன்” என்ற இடத்தை அடித்துவிடச் சொன்னாள். “அப்படித்தானே நீ கேட்டே” என்று அவளிடம் சொல்லி, முதல் முறையாக மறுத்துவிட்டேன். “அப்படின்னா கடைசி வரியையாவது நான் சொல்றபடி எழுதுங்க” என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

எங்கள் மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஆசிகள்.

உன் அப்பா