விசிறி உடைந்த விவரம்

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நானும் அத்தையும் தையல் மிஷினும் சுகம். படகு மோட்டாரின் அடியில் தண்ணீரைத் தள்ளுகிற விசிறிக்குத்தான் நடுவில் கொஞ்சம் உடம்புக்கு முடியாமல் போயிற்று. இப்போது தேறிவிட்டது.

'நான் இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து மோட்டார் இரண்டு வருஷமாகக் கொட்டகையில் பூட்டித்தானே கிடக்கிறது, ஐஸ் கடைக்காரருக்கு விற்கப் பேசி முடித்துவிட்டேன், ஒண்ணாம் தேதி வருவார், சாவியைக் கொடுத்துவிடு' என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டிய கொட்டகையில் தூங்குகிற மோட்டாரின் விசிறி எப்படி உடையும் என்று இந்நேரம் புருவத்தைத் தூக்கியிருப்பீர்கள். இறக்கிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

எட்டு மாதமாகப் படகை நான்தான் ஓட்டுகிறேன்.

சும்மா இருந்த சங்கை ஊதியது அந்த ஓடக்காரர்தான். அவருக்குத் தூக்கம் கலைந்தால் ஓடம் கிளம்பும், இல்லாவிட்டால் இல்லை. தைத்த பள்ளிக்கூடச் சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு துறையில் நான் தவம் கிடப்பேன். இரண்டு தடவை தாமதமானதும், அக்கரைத் துணிக்கடை முதலாளி, "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே கொட்டகையைத் திறந்தேன். சாவி எங்கே என்று காட்டிக்கொடுத்தது உங்களைப் பெற்ற அத்தைதான். என்னை மட்டும் திட்டாதீர்கள்.

முதல் நாள் கயிற்றை அவிழ்க்காமலே மோட்டாரைக் கிளப்பி, துறையையே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். இரண்டாம் நாள் செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றினேன். மூன்றாம் நாள் அக்கரை வந்தது. நான் போனேனா, அது வந்ததா என்று எனக்கே தெரியாது. அத்தை முன்பக்கம் குடையோடு உட்கார்ந்து, "கல்லு! கல்லு!" என்று கத்துவார். பாதி நேரம் அது கல்லாக இருக்காது, வாத்தாக இருக்கும்.

போன மாதம் தண்ணீர் வற்றியிருந்தபோது, அது வாத்தாக இருக்கும் என்று நான் அலட்சியமாகப் போன ஒரு நாள், அது கல்லாகவே இருந்துவிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு மோட்டார் காட்டுக் கத்தல் கத்துகிறது, படகு அசையவில்லை. உங்கள் அண்ணன் வேலை செய்கிற மாதிரியே இருந்தது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்து, விசிறியைக் கழற்றிப் பார்த்தால், அதைத் தண்டோடு பிடித்து வைத்திருந்த சின்னப் பித்தளைப் பின் இரண்டாக உடைந்திருந்தது. விசிறிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்தாலே வீட்டில் ஏதாவது உடையும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. 'இத்தனூண்டு பித்தளையை நம்பியா இவ்வளவு பெரிய மோட்டார்?' என்று நினைத்து, பழைய தையல் மிஷினில் இருந்த இரும்புக் கம்பியை அளவாக அறுத்துச் சொருகிவிட்டேன். "இனி ஜென்மத்துக்கும் உடையாது அத்தை" என்று பீற்றிக்கொண்டேன்.

கம்பி உடையவில்லைதான். அடுத்த வாரம் கல்லில் மோதியபோது விசிறிதான் உடைந்தது. மூன்று இதழில் ஒன்று பாதியோடு போய்விட்டது, இன்னொன்று புத்தகத்தில் பக்கம் மடித்த மாதிரி மடங்கிக்கொண்டது. மிச்சத்தை வைத்து மெல்ல ஓட்டி வந்தேன். படகு ஆடிய ஆட்டத்தில் அத்தையின் பல்செட் மடியில் விழுந்துவிட்டது. பல் இல்லாமலே என்னைத் திட்டினார். ஒன்றும் புரியாததால் மனசு நோகவில்லை.

மெக்கானிக்கை உங்களுக்குத் தெரியும், நிதானமாக நடப்பதால் 'அவசரம்' என்று பெயர் வாங்கியவர். கம்பியைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். "அக்கா, அந்தப் பின்னு உடையறதுக்குன்னே வச்சது. அது உடைஞ்சாத்தான் மத்ததெல்லாம் பிழைக்கும். நீங்க காவக்காரனைக் கட்டிப்போட்டுட்டீங்களே" என்றார். உள்ளே பல்சக்கரம் போயிருக்குமோ என்று எண்ணெயை இறக்கிப் பார்த்தார். இரும்புத் தூள் இல்லை. தண்டையும் சுற்றிப் பார்த்தார், வளையவில்லை. அதுவரை நான் மூச்சு விட்டேனா என்று அத்தையைத்தான் கேட்க வேண்டும்.

வேறு விசிறி வேண்டுமே என்று கொட்டகையைக் குடைந்தேன். பழைய வலைக்குப் பின்னால் ஒரு சாக்குமூட்டை இருந்தது. அவிழ்த்தால், மூன்று விசிறி! மூன்றும் அடிபட்டவை. 'என் கை பட்டு விசிறியில் ஒரு கீறல் விழுந்ததுண்டா?' என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவருகிறீர்களே, அந்தக் கைதானே இது? அத்தையைக் கேட்டேன். "அவன் யாருக்கும் சொல்லாதேன்னான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அதில் குறைவாக அடிபட்டதை எடுத்து மெக்கானிக் அவசரம் தட்டி நிமிர்த்தி, பிசிறுக்கு அரம் போட்டுக் கொடுத்தார். கிரீஸ் தடவி, புதுப் பித்தளைப் பின் சொருகி, நட்டை முடுக்கியது நான்தான். இப்போது படகு உங்கள் பழைய குற்றத்தின் புண்ணியத்தில் ஓடுகிறது.

ஐஸ் கடைக்காரரிடம் எதையும் மறைக்கவில்லை. மோட்டார் தினமும் ஓடுகிறது, ஓட்டுவது நான், அது போனால் என் தையலும் போய்விடும் என்று சொன்னேன். நல்ல மனுஷன். "அண்ணன் வேணாம்னு ஒரு வரி எழுதட்டும் அண்ணி, நான் வேற பார்த்துக்கறேன்" என்றார். அந்த ஒரு வரி ஒண்ணாம் தேதிக்குள் வர வேண்டும். இவ்வளவு நீளமாக எழுதியது அதற்காகத்தான்.

விற்கச் சொன்ன கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், குடையை எடுத்து மூலையில் வைத்தார். அப்புறம், "அப்ப அவன் இங்க வந்து படகு ஓட்டப்போறதில்லையா?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் செலவுக்காகச் சொல்லியிருப்பீர்கள், வேறொன்றும் இருக்காது என்று சமாதானம் சொன்னேன். அவருக்குச் சொன்னேன், எனக்கு யார் சொல்வது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். அந்த ஒரு வரிக்குக் கீழேயே வருகிற தேதியையும் எழுதிவிடுங்கள். அக்கரையில் இறங்கி ஓடக்காரரைத் தேட வேண்டாம், நான் வந்து நிற்பேன். முன்பக்கம் அத்தைக்கு, நடுவில் உங்களுக்கும் பெட்டிக்கும் இடம் இருக்கிறது. மோட்டார் பக்கம் மட்டும் கேட்காதீர்கள். ரொம்பக் கெஞ்சினால், கல் இல்லாத இடமாகப் பார்த்துக் கொஞ்ச தூரம் தருகிறேன்.

வழிபார்த்திருக்கும்,
உங்கள் தையல்காரி