பங்காளி அனுப்பிய வெள்ளி ரூபாய்

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து வானம் மோடம். மழை இல்லை. கடை லீவு. சுமதி ஆடிப் பதினெட்டுக்கு இப்போதே பொங்கல் பானை தேடி அட்டாலியைக் கலைக்கிறாள். இன்னும் ரெண்டு வாரம் கிடக்கிறது, என்ன அவசரமோ.

இணைய ஏலத்தில் 1835 கம்பெனி ரூபாய் கைநழுவிப் போனது. வில்லியம் ராஜா தலை போட்டது. கடைசி நிமிடத்தில் எவனோ ஏற்றிவிட்டான். நானும் ஏற்றியிருக்கலாம். குறித்து வைத்த விலைக்கு மேல் போவதில்லை என்று எனக்கு ஒரு சட்டம். பழங்காசு சேர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் புதியவர்களுக்கு இதையெல்லாம் எழுதிப் போடுவதே நான்தானே. விற்பவரைப் பற்றி மற்றவர் எழுதியதைப் படி. விளிம்புக்குத் தனிப் படம் கேள். எடை கேள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதே. பெரிய வாத்தியார்.

தோற்ற எரிச்சலையும் குழுவில் கொட்டினேன். மூர்த்தி சார் மட்டும் பதில் போட்டார். பேங்கில் ரிட்டையர் ஆனவர், என்னைவிடக் காசுப் பைத்தியம். "விடுய்யா, அடுத்தது வரும்."

ஜூலை 22, செவ்வாய்

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் பெட்ஷீட் பேல் இறங்குகிற நேரம் ஒரு போன். பேர் தங்கராசு, ஊர் குமாரபாளையம். குழுவில் என் புலம்பலைப் பார்த்தாராம்.

"ஏனுங்கண்ணா, அதே ரூவா எங்கிட்ட ஒண்ணு கெடக்குதுங்க. ஏலத்துல போட்டா கமிசன் போயிருமுங்க. உங்களுக்குன்னா நேராவே குடுத்தர்றேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், வந்தது வேறு. "நீங்க எந்தக் கோயிலுங்க?"

எங்கள் சனத்தில் புது ஆளிடம் முதலில் கேட்பது இதைத்தான். குலசாமி ஒன்று என்றால் பங்காளி. பங்காளி என்றால் நூல் பேலைக்கூட வாய்ப்பேச்சில் அனுப்புவோம்.

"அண்ணன் எந்தக் கோயிலுங்க?" என்றார். எடப்பாடி தாண்டி இருக்கும் எங்கள் அங்காளம்மனைச் சொன்னேன்.

"அட சாமி! நாமளும் அதேதானுங்க! பங்காளியாப் போயிட்டோம் பாருங்க!"

மனசு குளிர்ந்துவிட்டது. பங்காளியிடம் போய் விளிம்புப் படம், எடை என்று கேட்பதா? அவர் அனுப்பிய ஒரே படத்தைப் பார்த்ததோடு சரி, பணத்தை நின்ற இடத்திலேயே போனில் அனுப்பினேன்.

ஜூலை 24, வியாழன்

வெயில். தங்கராசு தினமும் பேசுகிறார். நல்ல மனுஷன். "அண்ணங்கிட்ட என்னென்ன இருக்குதுங்க? ரெட்டையா இருக்கறத மாத்திக்கலாம்." காசுத் தட்டுகளை பீரோ முன்னால் பரப்பிப் படம் எடுத்து அனுப்பினேன். கூரியருக்கு அஸ்தம்பட்டி வீட்டு விலாசமும். சுமதிக்குச் சிரிப்பு. "பொண்ணு பாக்கக்கூட இத்தன போட்டோ அனுப்பலீங்க நீங்க."

ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு கோயிலுக்கு வந்துவிடுவோம், நேரில் பார்க்கலாம் என்று மெசேஜ் போட்டேன்.

"கண்டிப்பா வாரேனுங்கண்ணா."

ஜூலை 31, வியாழன்

பார்சல் வந்தது. பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. பங்காளி ஆயிற்றே.

எடை பதினொன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். ஒன்பதுகூட இல்லை. விளிம்பில் அச்சில் ஊற்றிய கோடு. தரையில் போட்டால் தகர மூடிச் சத்தம்.

போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப். கடை மூடும் வரைக்கும் சுவிட்ச் ஆஃப்தான்.

சுமதி: "என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்குது?"

"வெயில்."

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூர்த்தி சார் வீட்டுக்கு ஓடினேன். அவன் எனக்கு அனுப்பிய படம் ஏதோ பழைய ஏலத்தில் வந்தது என்று கண்டுபிடித்துக் காட்டினார். திட்டவில்லை. சைபர் புகார் எண்ணுக்குப் பேசச் சொன்னார், பக்கத்திலிருந்தே பேசினேன். பணம் போகட்டும், ஒரு பாடம் என்று கிளம்பிவிட்டேன். வாசல் வரை வந்தவர் கேட்டார்: "பணந்தானே? வேற ஒண்ணும் அவனுக்கு அனுப்பலியே?"

ரோட்டோரம் ஸ்கூட்டரை நிறுத்தி எல்லா மெசேஜையும் மேலேயிருந்து படித்தேன். விலாசம். தட்டுகள். தட்டுக்குப் பின்னால் பீரோ, கதவிலேயே சாவி. ஆடிப் பதினெட்டுக்கு வீட்டில் யாரும் இருக்கமாட்டோம் என்பது. அத்தனையும் நானே, என் கையாலேயே. வீட்டுக்கு எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை.

அதே பீரோவில்தான் சுமதியின் நகையும்.

ஆகஸ்ட் 2, சனி

கோயில் வரி வசூலிக்கும் பெரியப்பா மகன் செல்வண்ணனுக்குப் போன். குமாரபாளையத்தில் தங்கராசு என்று நம் பங்காளி உண்டா?

"இல்லியே சாமி. குமாரபாளையத்துல நம்மாளுக நாலே ஊடுதான். ஏன் கேக்கற?"

"சும்மாங்கண்ணா."

இந்த ஒரு போனை அன்றைக்கே போட்டிருந்தால்? அடப் பாவி, நீயெல்லாம் குழுவில் உபதேசம் எழுதுகிறாய்.

பேங்கில் லாக்கர் காலி இல்லை. மூர்த்தி சார் மகளைப் பார்க்க பெங்களூர் கிளம்பிவிட்டார். காசையும் நகையையும் காரில் வைத்துக் கோயிலுக்கே கொண்டுபோனால்? கண்டிப்பாக வருகிறேன் என்றானே. அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. கூட்டத்தில் எவனோ ஒருவன் பக்கத்தில் நின்று பொங்கல் வாங்கித் தின்பான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் சுமதிக்குத் தெரிந்துவிடும். அவளிடம் சொல்லப் பயம். சொல்லாமல் இருக்கவும் பயம்.

பீரோ சாவி என் இடுப்பில்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

லேசான தூறல். காய்ச்சல் என்று பொய். சுமதி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடவே இல்லீங்களே. குலசாமிக்கு வராத அளவுக்கு என்ன காய்ச்சலு? சாமி கோவிச்சுக்கும், சொல்லிட்டேன்."

அவள் தம்பி காரை எடுக்க, பானையோடு கிளம்பிப் போனாள். அம்மா தாயே, பொய்யை மன்னித்துக்கொள். வீட்டைப் பார்த்துக்கொள்.

கேட் பூட்டு. பின்கதவுத் தாழ், அதற்கு முட்டுக்கு அரிசி மூட்டை. டிவி சத்தமாக. எதிர்வீட்டிலும் கோயிலுக்குப் போய்விட்டார்கள், தெருவே காலி. ரெண்டு முறை பைக் ஒன்று மெதுவாகப் போனது. யார் வீட்டுக்காவது வந்தவராக இருக்கும். ஜன்னல் பக்கம் போகவில்லை.

சுமதி பேசினாள். பொங்கல் பொங்கிவிட்டதாம், கிழக்குப் பக்கம் வழிந்ததாம், நல்ல சகுனமாம். கொஞ்சம் தைரியம் வந்தது. இத்தனை நாள் வீணாகப் பயந்தேனோ? அவள் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு ஸ்டேஷன். டீ போட்டுக் குடித்தேன்.

இப்போது போனில் ஒரு மெசேஜ். புது நம்பர்.

"ஏனுங்கண்ணா, கோயிலுக்குப் போகலீங்களா? ஸ்கூட்டர் உள்ளயே நிக்குதுங்களே."