நாற்பது நாள் பொறுத்துத்தான் வந்தேன்

உம்முடைய சைக்கிள் என் மாட்டுத்தொழுவில் நிற்கிறது வே. சாணி வாடையையும் மீறி அதன் எண்ணெய் வாடை வீட்டுக்குள் வருகிறது. பசு அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. யார் வண்டி என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல.

நீர் செத்த அன்றைக்குச் சேரன்மகாதேவி ஊரே உம் வாசலில் நின்றதாம். நான் வரவில்லை. பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. நாற்பது நாள் போகட்டும் என்று இருந்துவிட்டு, நேற்றுத்தான் துட்டி கேட்க வந்தேன். ஏன் நாற்பது என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. உமக்கு விளங்கும்.

ஒரே பள்ளிக்கூடத்தில்தான் சேர்ந்தோம். நான் மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போய்விட்டேன். நீர் பாளையங்கோட்டை வரை போய் மெட்ரிக்குலேஷன் முடித்து வந்தீர். அதன்பிறகு படித்துறையில் யாரும் நிம்மதியாகக் குளித்ததில்லை. இங்கிலீஷ் வார்த்தையின் தலையைப் பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும் என்பீர். 'யூனி' என்றால் ஒன்று, 'பை' என்றால் இரண்டு, 'ட்ரை' என்றால் மூன்று. புன்னக்காயலிலிருந்து பேய்க்கணவாய் கொண்டுவந்த கிழவியிடம், இதற்கு ஆக்டோபஸ் என்று பேர், 'ஆக்டோ' என்றால் எட்டு என்று பாடம் நடத்தினீர். "எட்டுக் காலு இருக்கது எனக்கும் தெரியும். வாங்குதீரா, கூடையத் தூக்கவா?" என்றாள் அவள். அப்படியானால் அக்டோபர் ஏன் பத்தாம் மாதமாக வருகிறது என்று நான் கேட்டேன். உமக்கு உடனே இருமல் வந்துவிட்டது.

'பைசிக்கிள்' என்றால் இரண்டு சக்கரம் என்று சொல்லிக்கொண்டே இந்தச் சைக்கிளை வாங்கி ஓட்டிக் காட்டிய அன்றைக்கு வாய்க்காலுக்குள் போனீர். "ரெண்டு சக்கரம் சரி வே, மூணாவதா நீரும்லா உருண்டுட்டீரு" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை நீர். அத்தோடு உம் சகவாசத்தை விட்டுத் தொலைத்திருக்கலாம் நான்.

அந்த வருஷம் பிசான நெல் அறுப்பு நேரத்தில் என் மூத்தவன் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு, கொழும்புத் தோட்டத்துக்குப் போகிற கூட்டத்தோடு ஓடிவிட்டான். தூத்துக்குடிக்குப் பக்கத்து முகாமில் அவனை அடைத்து வைத்திருக்கிறார்கள், பிளேக் பயத்தால் அப்படி வைத்துப் பார்த்துத்தான் கப்பலேற்றுவார்கள் என்று ஊருக்குத் திரும்பிய ஒருவன் சொன்னான். அறுப்பு கிடக்கட்டும், இன்றைக்கே போய்ப் பிள்ளையைக் கூட்டி வாருங்கள் என்று என் வீட்டுக்காரி சோற்றுப் பொட்டலத்தோடு நின்றாள். நான் செருப்பை மாட்டிவிட்டேன். நீர்தான் வழியை மறித்துச் சிரித்தீர்.

"என்னத்துக்கு வே பறக்கீரு? அதுக்குப் பேரு குவாரண்டைன். அப்படின்னா நாப்பது. நாளு அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. அறுப்ப முடிச்சிட்டு பைய போவும்."

படித்த வாய். நம்பினேன். களத்தில் நெல்லைக் குவித்துவிட்டுப் போனேன். முகாமில் பாய்கள்தான் சுருட்டிக் கிடந்தன. காவல்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நாப்பதுன்னு எவன் அண்ணாச்சி சொன்னான்? காய்ச்ச இல்லேன்னா ஒரு வாரத்துல கப்பலு. ஒங்க ஊரு ஆளுவ முந்தாநாளே போயாச்சே."

திரும்பி வந்து உம் சட்டையைப் பிடித்தேன். நீர் என்ன சொன்னீர்? "சொல்லுக்கு அர்த்தம் நாப்பதுதான் வே. அதுல மாத்தமே இல்ல. சர்க்கார்க்காரன்தான் கொறச்சிப்புட்டான்." அன்றைக்கு உம்மை அடிக்காமல் விட்டது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதன்பின் உம்மோடு பேச்சே இல்லை. மூத்தவனிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை.

நேற்று நானும் வீட்டுக்காரியும் உம் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். உம்மைப் பற்றி நல்லதாக ஒரு சொல்கூடச் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உம் சம்சாரம் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைக் காட்டினாள்.

"ஒங்க மகன் வந்தா இத அவங்கிட்ட குடுத்திரணும்னு கடேசில சொன்னாவ அண்ணாச்சி."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரி எழுந்து கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். வழியெல்லாம் அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைத் தொட விடவில்லை.

இன்று விடிந்ததும் அதைத் துடைத்து வைத்துவிட்டு, "காத்து எறங்கிக் கெடக்கு. அவன் வந்தா எப்படி ஓட்டுவான்?" என்றாள். பம்பை இரவல் வாங்கி வந்து அடித்தேன். அவனுக்காக அடித்தேன், உமக்காக இல்லை. உம்மை மன்னித்துவிட்டதாக அங்கன யாரிடமும் சொல்லித் திரியாதேயும்.

இரண்டு சக்கரத்துக்கும் அடித்தேன். 'பை' என்றால் இரண்டு. அதையாவது சரியாகச் சொல்லிவிட்டுப் போனீர்.