எனக்கு ஒரு தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று மதியம் போன சின்னச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரங்களை மூடாமல் முன்னாலேயே அடுக்கியிருந்தார்கள். விரலைக் காட்டினால் போதும், வாய் திறக்க வேண்டாம். வாய்விட்டுக் கேட்கக் கூசும் எனக்கென்றே வைத்த கடை! உன் கால்வலி எப்படி இருக்கிறது?

முதலாளி குடும்பம் ஊர் சுற்ற வந்திருக்கிறது. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டி வந்தார்கள். "உனக்கு என்ன வேணும்?" என்று பாப்பாவின் அம்மா, அந்த அக்கா, கேட்கும்போதெல்லாம், "பாப்பா மிச்சம் வைக்கிறதே போதும்க்கா" என்பேன். திட்டாதே, அவள் நிறையவே மிச்சம் வைப்பாள்.

இன்று அவள் தட்டை வழித்துவிட்டு, "உன் தட்டு எங்க?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தார். "கேக்குறாள்ல? போய் வாங்கிட்டு வா."

முதலாளி வீட்டுக்கு ஊறுகாய் அனுப்பு அம்மா, நம் வீட்டு வாசனையை மோந்து பார்க்கவாவது ஆகும். பாப்பா கூப்பிடுகிறாள், இதை மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிறேன்.

அக்கா சொன்னதும் எழுந்து போனேன். விரலை மடக்கிக்கொண்டு, "அண்ணா, எனக்கு ஒரு முழு சாப்பாடு குடுங்க" என்று கேட்டேன்.