சரசு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது

என்னைவிட இளையவனாகவே நின்றுவிட்ட என் பழனிக்கு,

ஏற்காட்டில் மழை விட்டபாடில்லை. எனக்கு அலுப்பும் விட்டபாடில்லை. நீ போன பிறகு வாரத்தில் ஒரு நாள்தான் சேலத்து ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறேன். மற்ற டாக்டர்கள் குழாய் விட்டுப் பார்த்து முடிக்க முடியாத குடல்களை என்னிடம் அனுப்புகிறார்கள். பொறுமைசாலி என்று பெயர். அது பொறுமையா, பயமா? உனக்குத் தெரியும்.

இந்த முறை அனுப்பப்பட்டது உன் சரசு.

பதறாதே, சொல்கிறேன். உங்கள் கிளியூர்த் தோட்டத்தில் நாலடி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தம் குறைந்துகொண்டே வந்தது. பெருங்குடல் தொடங்கும் மூலையில் ஏதோ இருக்கலாம் என்றது ஸ்கேன். உள்ளே போய்ச் சதைத் துணுக்கு எடுத்தால்தான் தெரியும். இரண்டு டாக்டர்கள் முயன்று பாதியில் விட்டுவிட்டார்கள். கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குடல் இடுப்புக்குள் ஒட்டி மடங்கிக் கிடக்கிறது. அழுத்தித் தள்ளினால் கிழிந்துவிடும்.

பேதி மருந்தைக் குடித்துவிட்டு பஸ்ஸில் மலையிறங்க முடியுமா? முந்தின நாளே அடிவாரத்தில் தன் தங்கை வீட்டுக்கு வந்து தங்கி, அங்கேயே குடித்தாள்.

நீ இருந்திருந்தால் உன் மயக்க மருந்தில் தூங்க வைத்திருப்பாய். இப்போது உன் இடத்தில் இருக்கிற பெண் டாக்டர், இந்த மூச்சிரைப்புக்கு ஆழ்ந்த மயக்கம் வேண்டாம் என்றாள். சரியான முடிவுதான். விழித்திருக்கும் நோயாளியால் ஓர் உதவியும் உண்டு. குழாய் முன்னே போகாமல் குடலை வளைத்துத் தள்ளினால், வலி அதை முதலில் சொல்லிவிடும். ஆனால் சரசு வலியைச் சொல்கிற ஆளா?

"வலிச்சா உடனே சொல்லு அம்மணி."

"ஒண்ணுமில்லீங்கண்ணா, நீங்க பாட்டுக்குப் பாருங்க."

கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துக் கிடந்தன. குழாயை முழுக்க உருவிக்கொண்டேன்.

"அதுக்குள்ள உட்டுட்டீங்களா? ஏனுங்க சிஸ்டர், அண்ணனுக்குக் கை நடுங்குதாட்ட இருக்குதே!" என்று நர்ஸ் மேரியிடம் சொன்னாள்.

நடுங்கத்தான் செய்தது. வலியைச் சொல்லாதவள் பேச்சையாவது விடாமல் பேசினால், அது நிற்கும் இடத்தில் வலி என்று எனக்குத் தெரிந்துவிடும் எனத் தோன்றியது. எதைப் பற்றிப் பேசச் சொல்வது? "பழனி உன்னை என்னென்ன பாடுபடுத்தினான்? ஒவ்வொண்ணா சொல்லு, நிறுத்தக்கூடாது" என்றேன். மன்னித்துக்கொள்.

"ஊரையெல்லாம் தூங்க வெச்ச மனுசனுங்க. அவரு குறட்டையில நான் ஒரு நாளு தூங்கியிருப்பனா? மிளகுக்கொடி வாடுதுன்னா, சித்த தூங்கட்டும் எந்திரிச்சுரும்ங்கறாரு. கொடி எந்திரிக்குமாங்கண்ணா?"

குழந்தைகளுக்கான மெல்லிய குழாயை எடுத்திருந்தேன். காற்று அடித்தால் குடல் உப்பி மடிப்பு இன்னும் இறுகும் என்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். உனக்குத் திட்டு விழுந்துகொண்டிருக்கும்வரை உள்ளே நகர்வேன். ஒரு சொல் பாதியில் நின்றால் நானும் நின்று, பின்னுக்கு இழுத்து, லேசாகத் திருகி, வளைவு நிமிர்ந்த பிறகு மறுபடி போவேன். மேரி அவள் அடிவயிற்றை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தாள். இடப்பக்கம் படுத்திருந்தவளை மல்லாக்கவும் பிறகு வலப்பக்கமாகவும் திருப்பினோம்.

"தோசையாட்டப் பொரட்டறீங்களே!" என்றாள்.

ஓரிடத்தில், "அவரு போன அன்னைக்கு..." என்று தொடங்கி நின்றுவிட்டாள். உடனே பின்னுக்கு இழுத்தேன். குழாய் தடையில்லாமல் வந்தது. உள்ளே வளைவே இல்லை. அந்த வலி என்னால் வந்ததில்லை, பழனி.

காத்திருந்தோம். மேரி அவள் தலையைத் தடவினாள். "வேலி போடறேன்னாரு, அதையும் போடாமப் போயிட்டாரு" என்று சரசு மறுபடி பிடித்துக்கொண்டாள்.

மூலை வந்துவிட்டது. குடல்வாலின் வாயையும் சிறுகுடல் வந்து சேரும் வாசலையும் இரண்டு முறை பார்த்த பிறகுதான் நம்பினேன். அங்கே ரத்தம் கசியும் ஒரு கட்டி. துணுக்குகள் எடுத்தேன்.

நேற்று முடிவு வந்தது. புற்று. ஸ்கேனில் பரவியதாகத் தெரியவில்லை. அறுத்து எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. உன் வீட்டுக்குப் போய்ச் சரசுவின் எதிரே உட்கார்ந்து, முடிவுக் காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மூஞ்சியே சொல்லுதுங்கண்ணா, நீங்க வாயத் தொறக்கவே வேண்டாம்" என்றாள். பிறகு, "ஆபரேசன் முடிஞ்சும் இந்தக் கொழாய உடோணுமா?"

"ஒரு வருஷம் கழிச்சு ஒரு தடவை பார்க்கணும் அம்மணி."

"அப்ப நீங்கதான் பாக்கோணும். வேற ஆருகிட்டப் போயி நான் அவர திட்டுவேன்?"

இந்த மழைக்காலத்தோடு வேலையை நிறுத்திவிட நினைத்திருந்தேன். முதுகு கேட்கவில்லை, கையை நானே நம்பவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டேன். அடுத்த வருஷமும் இறங்குவேன், பழனி. அன்று கை ஒத்துழைக்காவிட்டால் குழாயை இளையவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, சரசுவின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் பேச்சு நின்றால், நிறுத்து என்று சொல்ல நான் இருப்பேன்.

சரசுவுக்கு அண்ணனும் அதனால் உனக்கு மச்சானுமான,
ராமலிங்கம்