பதினொரு மணித்தியாலமும் ஒரு நகக்கண்ணும்

என் அருமை அத்தானுக்கு,

எங்கள் ஊர் தண்ணீரூற்றுச் சனத்துக்கெல்லாம் உடுப்புத் தைத்து, சொந்த மைத்துனனின் காற்சட்டையை மட்டும் ஒருநாளும் சரியாக அளக்காதவர் நீங்கள். கடைசியாகத் தைத்துத் தந்ததைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. நுளம்பு கடிக்கிறது. உங்களைத் திட்ட எனக்கும் ஒரு சாட்டு வேண்டாமா?

ஆனால் லண்டனைச் சரியாக அளந்தீர்கள். பள்ளிக்கூட அட்லசைத் தையல் மெஷினுக்கு மேல் விரித்து, மகன் பாலன் இருக்கும் லண்டனில் நூலின் ஒரு நுனி, பிளேன் இறங்கும் கட்டுநாயக்காவில் மறு நுனி வைப்பீர்கள். சட்டை தைக்க வந்த பெண்களையும் விடமாட்டீர்கள்.

"பதினொரு மணித்தியாலம், பிள்ளை. என்ர மோன் அங்க ராச்சாப்பாடு சாப்பிட்டிட்டு ஏறினால், அடுத்த சாப்பாட்டுக்கு இஞ்ச நிப்பான்."

"கட்டுநாயக்காவில இருந்து இஞ்ச வாறதுக்கு, அத்தான்?" என்று கிண்டுவேன்.

"அதென்னடா, ஒரு நகக்கண்."

அட்லசில் உண்மையாகவே அவ்வளவுதான்.

நீங்கள் படுக்கையில் விழுந்ததும், இங்கே போன் இல்லாததால், ஆமிப் பாஸோடு வவுனியாவுக்குப் போன கடைக்காரரிடம் சொல்லிவிட்டோம். அவர் அங்கிருந்து லண்டனுக்குக் கதைத்துவிட்டு வந்து, "பாலன் வெளிக்கிட்டிட்டான்" என்றார். அதைக் கேட்டுத்தான் கண்ணை மூடினீர்களா?

அந்தக் கணக்கை நம்பித்தான் அக்கா உங்களை எடுக்க விடவில்லை. மகன் வந்து கொள்ளி வைக்கட்டும் என்று தலைமாட்டை விட்டு அசையவில்லை. "அந்த மனிசன் அளந்து சொன்னது பிழைக்காது" என்றார். என் காற்சட்டையைக் காட்டியிருக்கலாம். கரண்டு இல்லை, ஐஸ் இல்லை, அப்படியொரு வெயில். மறுநாள் பின்னேரம் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இனி வைச்சிருக்கேலாது, அக்கா."

"அப்ப நீயே வையடா."

ஊரெல்லாம் வாயால் கொள்ளி வைத்துத் திரிந்தவன், உங்களுக்குக் கையால் வைத்தேன்.

பாலன் அப்போது வவுனியாவில் நின்றிருக்கிறான். அவனுக்கு லண்டன் பாஸ்போட் கிடைத்ததென்று ஊருக்கே கற்கண்டு கொடுத்தீர்களே, அதுதான் மறித்தது. சண்டையால் ஆமி பாதையை மறித்து வைத்திருக்கிறது; வெளிநாட்டுக்காரர் அதைத் தாண்டி இங்காலே வருவதென்றால் கொழும்பில் தனி அனுமதி எடுக்கவேண்டுமாம். தகப்பன் வீட்டுக்கு வர அவன் வெளிநாட்டுக்காரன்! லீவு முடியுமட்டும் காத்துக் கிடந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அதே கடைக்காரரிடம்தான் செய்தி சொல்லிவிட்டிருந்தான்.

"மாமாட்டச் சொல்லுங்கோ, அப்பான்ர கணக்குப் பிழைக்கேல்லை. பிளேன் பதினொரு மணித்தியாலத்தில இறங்கினது."

அக்கா கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அடுப்பு எரியவில்லை, ஆனாலும் ஊதுகிற சத்தம் கேட்டது. நான் இதைச் சந்தியில் பகிடியாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நகக்கண்ணுக்குள் இன்னும் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்களோ, அத்தான்?

உங்கள் சாம்பலில் பாதியைத்தான் கடலில் விட்டேன். மீதி மண்முட்டிக்குள், பின்வளவு வேம்பில் கட்டித் தொங்குகிறது. அக்கா காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறார். பாதை திறக்கட்டும். என் சைக்கிள் கரியரில் ஏற்றியாவது பாலனை வவுனியாவிலிருந்து கொண்டுவருவேன். மீதியை அவன் கையால் விடுவான். அதுவரை இந்தக் காற்சட்டையின் மடிப்பை அவிழ்த்து நீட்ட எந்தத் தையற்காரனிடமும் கொடுக்கமாட்டேன்.

நீள வாயும் கட்டைக் காற்சட்டையுமாக,
உங்கள் மைத்துனன்