பெருங்கரடிப் பக்கத்துச் சுருள்

2008 ஓகஸ்ட் 12
நான் வேலை செய்யும் சாலிஹ் காக்காவின் கொம்பியூட்டர் கடையில் இன்று தட்டச்சு வேலை குறைவு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று விண்மீன் மண்டலங்களின் தொலைநோக்கிப் படங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. பார்த்து வடிவம் என்னவென்று யாரும் சொல்லலாம். வடக்கு வானத்தில், பெருங்கரடி நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சுருள் வந்தது. இரண்டு கைகளைச் சுருட்டி வீசிக்கொண்டு — நம் பால்வீதியைப் போல, ஆனால் எவ்வளவு தூரத்தில்! சுனாமியில் என் கணவர் றிப்ஷானைக் கடல் கொண்டுபோன பிறகு எதையும் இப்படி ஆசையாகப் பார்த்ததில்லை.

ஓகஸ்ட் 20
எனக்குக் கலியாணம் பேசும் பரீனா மாமி உம்மாவிடம் சொன்னாராம்: "உங்கட மகள் பகல் முழுக்கக் கொம்பியூட்டர்ல படம் பாக்கிறாவாம். மாப்புள வீட்டுக்குத் தெரிஞ்சா என்னகா செய்யிற?"
என்ன படம் என்று ஒருத்தராவது கேட்டார்களா?

ஓகஸ்ட் 29
இராணுவம் கடையைச் சோதிக்க வந்தது. திரையில் என் சுருள். ஒரு சிப்பாய் குனிந்து பார்த்து, "மேப்பா?" என்றான்.
"ஓம், மேப்தான். ஆனா அங்க போக உங்களுக்கும் ஏலா."
காக்கா என் காலை மிதித்தார். சிப்பாய் சிரிக்கவில்லை. என் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

செப்டம்பர் 1
முகாம் வாசலில் வெயிலில் நிற்கவைத்துத்தான் அட்டையைத் தந்தார்கள். நேரே கடைக்குப் போய் அதே படத்தைத் திறந்தேன்.

ஒக்டோபர் 14
பரீனா மாமி பேசிய மாப்பிள்ளை பதியுதீன் வந்தார். அவர் மனைவியும் சுனாமியில் மௌத்தானவர். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன்.
"கலியாணத்துக்குப் பொறகு கடை, கொம்பியூட்டர் ஒண்டும் வாணாம்."
"அப்ப நானும் வாணாம்."
உம்மா அழுதார். ஊர் என்ன சொல்லுமாம். சொல்லட்டும்! என்ட கண்ணால நான் பாக்கிறதுக்கு ஊருக்கிட்ட என்னத்துக்கு உத்தரவு கேக்கணும்?

2009 மார்ச் 3
காக்கா கத்தாருக்குப் போகிறார். கடைச் சாவியை என்னிடம் தந்தார். உம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

மே 19
சண்டை முடிந்ததாம். வீதியெங்கும் பட்டாசு வெடி. கடையில் தேசியக் கொடி கட்டச் சொல்லி வந்தார்கள். கம்பு இல்லை என்றேன். கல்லடியில் என் சினேகிதி அஜந்தா — அவளுடைய தம்பி சண்டை நடந்த வன்னியில். அவள் போனை எடுக்கவேயில்லை. நாளைக்கு நேரில் போவேன்.

ஜூலை 6
மத்தியானச் சோற்றைக் கடை வாசலில் வைத்துவிட்டுப் போகும் உம்மா, இன்று உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார்.
"எதுகா அந்தப் படம்?"
காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.
"அங்கயும் கடல் இரிக்குமா மகள்?"
"தெரியா உம்மா."
முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.